பனி விலகினால் காற்று ஆர்க்டிக்கைக் கலக்கிவிடுமா?

மார்ச் 2, காலை. வாசகர் ஒருவரின் கேள்வி

"ஆர்க்டிக் கடலுக்குப் பனிதான் மூடி. கீழே இருநூறு மீட்டரில் சூடான தண்ணீர் இருக்கிறது, அதிலுள்ள வெப்பம் மேலே மிதக்கும் பனி முழுவதையும் உருக்கப் போதும் என்று படித்தேன். மூடி போனால் காற்று நேராகத் தண்ணீரைப் பிடிக்கும். கலக்கும். சூடு மேலே வரும். இன்னும் பனி உருகும், இன்னும் கலக்கும். அப்படியானால் இது இனி தானாகவே ஓடி முடிகிற சங்கிலிதானே? கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

மார்ச் 2, இரவு

நான் விஞ்ஞானி இல்லை. பதினான்கு வருஷம் ஆய்வுக் கப்பல் டெக்கில் கருவி இறக்கும் வேலை, பெரும்பாலும் வங்கக் கடலில். இரண்டு கோடைகள் மட்டும் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், நி-ஓலசுண்ட் என்ற ஊரில் இருந்தேன். கையில் பட்டதையும் பின்னால் தேடிப் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்தச் சூடான தண்ணீர் உண்மை. 1893-ல் கிளம்பி, பனிக்குள் உறைந்தபடியே மூன்று வருஷம் மிதந்து போன ஃபிராம் கப்பலிலிருந்து நார்வே ஆய்வாளர் நான்சென் வெப்பமானியை இறக்கியபோதே அது தெரிந்துவிட்டது. மேலே உறைநிலையை ஒட்டிய தண்ணீர். 200 மீட்டர் தாண்டினால் பூஜ்யத்துக்கு மேலே. அட்லாண்டிக்கிலிருந்து வந்து, ஆர்க்டிக்கின் மேல்நீருக்கு அடியில் புகுந்துகொண்ட நீர் அது.

சூடான தண்ணீர் எப்படி அடியில் நிற்கும் என்பதுதான் இதில் எல்லாவற்றுக்கும் சாவி. அதை நான் ஆர்க்டிக்கில் கற்கவில்லை, வடக்கு வங்கக் கடலில் கற்றேன். ஒரு டிசம்பர் மாதம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மழைக்காலம் முழுக்கக் கொட்டிய நன்னீர் மேலே பரவிக் கிடந்தது. உப்பையும் வெப்பத்தையும் ஆழத்தோடு சேர்த்து அளக்கும் சிடிடி கருவியை இறக்கினோம். ஆழம் போகப் போக வெப்பக் கோடு குறைய வேண்டும். திரையில் அது கூடிக்கொண்டு போனது. சென்சார் கெட்டுவிட்டது என்று நினைத்து மேலே ஏற்றி, கழுவி, மறுபடி இறக்கினேன். அதே கோடு. ஷிப்டில் இருந்த மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "வெப்பத்தை விடுப்பா, உப்பைப் பார்" என்றார். மேலே உப்புக் குறைந்த, சற்றுக் குளிர்ந்த நீர். கீழே உப்பு கூடிய, ஒரு டிகிரி சூடான நீர். எடையைத் தீர்மானித்தது உப்பு.

வங்கக் கடலில் இது சில மாதங்கள் தோன்றி மறையும். ஆர்க்டிக்கில் வருஷம் முழுக்க இதுதான் நிலைமை. உறைநிலைக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் அதன் எடை மாறுவதே தெரியாது. அங்கே உப்பு ஒன்றுதான் தராசு.

மார்ச் 3

விட்டுப்போன எண்கள். கனடாப் படுகைப் பக்கம், அதாவது அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள ஆழ்கடலில், மேல்நீர் ஒரு கிலோவில் 25 முதல் 28 கிராம் வரை உப்பு கொண்டது. அடியில் இருக்கும் அட்லாண்டிக் நீரில் ஏறக்குறைய 35 கிராம். இந்த இரண்டுக்கும் நடுவே உப்பு வேகமாக ஏறுகிற ஒரு பட்டை உண்டு, ஏறத்தாழ 50-லிருந்து 200 மீட்டர் வரை. அந்தப் பட்டையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப அங்கேதான் வருவேன்.

அது எவ்வளவு அமைதியான இடம் என்றால், அட்லாண்டிக் நீரின் மேல்விளிம்பில் வெப்பம் படிக்கட்டு போல அடுக்கடுக்காக நிற்கிறது. ஒவ்வொரு படியும் சில மீட்டர் உயரம், படிக்குள் ஒரே வெப்பம், அடுத்த படியில் ஒரு சிறு தாவல். இப்படியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு. மிதக்கும் பனித்தீவு ஒன்றில் முகாம் போட்டிருந்தவர்கள் 1969-லேயே இதை அளந்து எழுதினார்கள். கொஞ்சம் பலமான கலப்பு வந்தாலே கலைந்துவிடக்கூடிய அமைப்பு.

மார்ச் 4, இரவு

இப்போது காற்று.

காற்று தண்ணீரைத் தள்ளும்போது தண்ணீர் நேராகப் போவதில்லை. ஃபிராமில் இருந்தபோது நான்சென் பனி காற்றின் திசைக்கு 20 முதல் 40 டிகிரி வலப்பக்கமாக நகர்வதைக் குறித்து வைத்தார். பூமியின் சுழற்சிதான் காரணம் என்று ஊகித்து, கணக்கை ஒரு இளைஞரிடம் கொடுக்கச் செய்தார். அவர்தான் எக்மன். இன்று உலகில் எந்தக் கடலைப் பற்றிப் பேசினாலும் அவர் பெயர் வருகிறது. அதன் தொடக்கம் இந்தப் பனியில்தான்.

தள்ளிய காற்று சட்டென்று நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் வட்டமடிக்கத் தொடங்கும். ஒரு வட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்பது அட்சரேகையைப் பொறுத்தது. சென்னைக்கு நேரே கடலில் ஏறக்குறைய 53 மணி நேரம். துருவத்துக்குப் பக்கத்தில் 12 மணி நேரம். இந்த வட்டம் கீழே இருக்கும் அடுக்குகளையும் அசைக்கும், அந்த அசைவு உள்ளலைகளாக, அதாவது கடலுக்குள்ளேயே அடுக்குகளுக்கு நடுவே ஓடும் அலைகளாக, ஆழத்துக்கு இறங்கும், எங்காவது உடையும். உடையும் இடத்தில் கலப்பு நடக்கும். காற்று ஆழத்தைத் தொடும் வழி பெரும்பாலும் இதுதான். மேலே நுரை தள்ளும் அலைகள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும், ஆனால் சில பத்து மீட்டருக்குக் கீழே அவற்றின் கை எட்டாது.

அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் வடக்கே உள்ள சுக்சி கடலின் வடக்கு ஓரத்தில் நங்கூரமிட்டு வைத்த மூரிங் கருவிகளின் பதிவு 2009-ல் வெளியானது. கோடையில் பனி இல்லாதபோது, புயல் கடந்ததும் இந்தப் பன்னிரண்டு மணி நேர வட்டம் பெரிதாகத் துள்ளுகிறது. குளிர்காலத்தில் பனி மூடியதும் அதே அளவு காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பனி இரண்டு வேலை செய்கிறது. காற்றின் தள்ளலைப் பெருமளவு தானே வாங்கிக்கொள்கிறது. அப்புறம், உள்ளலை கீழே போய்த் திரும்பி மேலே வரும்போது பனியின் சொரசொரப்பான அடிப்பகுதி அதைத் தேய்த்துக் கரைத்துவிடுகிறது.

ஆக, கேள்வியில் உள்ள சங்கிலியின் முதல் கண்ணி சரி. இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்ச் 5, காலை

நேற்று ஃபிராமைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொல்ல மறந்தேன். சைபீரியக் கரையோரம் அந்தக் கப்பல் ஓரிடத்தில் ஏதோ கைபோட்டுப் பிடித்து இழுப்பது போலத் தவழ்ந்தது. என்ஜின் முழு வேகம், கப்பலோ நகரவில்லை. மாலுமிகள் அதை 'செத்த தண்ணீர்' என்றார்கள். பனி உருகிய நன்னீர் மெல்லிய அடுக்காக உப்புநீர் மேல் கிடந்தது. கப்பலின் உந்துதல் எல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத அலை எழுப்புவதிலேயே செலவாகிவிட்டது. 1904-ல் இதற்கும் விளக்கம் எழுதியவர் எக்மன்தான்.

நம் கேள்விக்கு இது பொருந்தும். மேலிருந்து கொடுக்கிற சக்தி அடுக்குகளை உடைக்கப் போகிறதா, அவற்றை ஆட்டிவிட்டு மட்டும் போகிறதா?

மார்ச் 5, இரவு

திருத்தம். நேற்று இரவுவரை நானும் பனியை மூடி என்றே நினைத்து எழுதினேன். அது பாதிதான் சரி.

இறுகிக் கிடக்கும் தடிமனான பனி மூடிதான், மறுக்கவில்லை. துண்டுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும், காற்று அடித்தாலும் நகராது. ஆனால் கொஞ்சம் இடைவெளி கிடைத்துவிட்டால் ஒவ்வொரு பனிப்பாளமும் பாய்மரமாகிறது. மேலே துருத்திய மேடுகள் காற்றைப் பிடிக்கின்றன, கீழே தொங்கும் முகடுகள் தண்ணீரைக் கிளறுகின்றன. மாதிரிக் கணக்கு போட்டவர்கள் கண்டது இது: கடலில் 80 முதல் 90 விழுக்காடு பனி மூடியிருக்கும்போதுதான் காற்றின் தள்ளல் தண்ணீருக்கு மிக அதிகமாகப் போய்ச் சேர்கிறது. முழுப் பனியிலும் அதைவிடக் குறைவு. திறந்த கடலிலும் குறைவு.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், புரியாமல். ரப்பர் படகில் பனித்துண்டுகளுக்கு நடுவே போகும்போது தண்ணீர் மேற்பரப்பு எண்ணெய் ஊற்றியது போல வழவழவென்று இருக்கும். அலை இல்லை, ஆகவே அமைதி என்று நினைத்தேன். கயிற்றில் கட்டிய கருவியை இறக்கினால் கயிறு சாய்ந்துகொண்டே போகும். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. துண்டுகள்தான் அதை இழுத்துக்கொண்டு போயின.

பனி மெலிந்ததும் இந்தக் கதையில் சேரும். நீர்மூழ்கிக் கப்பல்களும் செயற்கைக்கோளும் தந்த அளவுகளை ஒட்டவைத்துப் பார்த்தால், நடு ஆர்க்டிக்கில் குளிர்காலப் பனியின் சராசரித் தடிமன் 1980-ல் 3.64 மீட்டர், 2008-ல் 1.89 மீட்டர். பரப்பு குறைவதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். மெலிந்த பனி சுலபமாக உடையும், உடைந்தது சுலபமாக நகரும், நகர்வது தண்ணீரைக் கிளறும். பரப்பு துளியும் குறையாவிட்டாலும் கலப்பு மாறியிருக்கும்.

மார்ச் 6

"அப்படியானால் முழுதும் பனி போய்விட்டால் கலப்பு குறையுமா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். காற்றின் தள்ளல் அந்த உச்சத்தைவிடக் குறையும், ஆம். ஆனால் திறந்த கடலில் உள்ளலையைத் தேய்த்துக் கொல்லப் பனியின் அடிப்பகுதி இருக்காது. அத்தோடு அலைகளுக்கு ஓடுதளம் கிடைக்கிறது. அலாஸ்காவுக்கு வடக்கே உள்ள போஃபோர்ட் கடலில் 2012 செப்டம்பரில் 5 மீட்டர் உயர அலைகள் பதிவாயின. பனி நெருங்கிக் கிடந்த காலத்தில் அங்கே அலை எழுவதற்கே இடம் இருந்ததில்லை.

மார்ச் 8, இரவு

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, "சங்கிலி உறுதியாகிவிட்டது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பொறுங்கள். எனக்குப் பெரிய வியப்பு தந்த பகுதியே இனிதான்.

2012 ஆகஸ்ட் முதல் வாரம். சைபீரியாவிலிருந்து கிளம்பிய ஒரு புயல் ஆர்க்டிக் நடுவே வந்து நின்றது. மைய அழுத்தம் 966 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. கோடையில் அங்கே அரிதான ஆழம். பனி அப்போதே நைந்து கிடந்தது. அந்த செப்டம்பரில் பனிப்பரப்பு 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியது, செயற்கைக்கோள் பதிவில் இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த அளவு. 1979 செப்டம்பரில் சராசரி 70 லட்சம்.

மூடி போன கடல், மேலே கடும் காற்று: நம் சங்கிலிக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. அதே பருவத்தில், பனி இல்லாத கனடாப் படுகையில் ஒரு குழு கலப்பை அளக்கும் நுண்கருவியை இறக்கியது. மேல் அடுக்கில் காற்று நன்றாகக் கலக்கியிருந்தது. நடு ஆழத்தில், அந்த உப்புப் பட்டைக்குள், ஒன்றும் கூடவில்லை. ஒரு தலைமுறைக்கு முந்தைய அளவீடுகளையும் அண்மைக்கால அளவீடுகளையும் ஒப்பிட்ட இன்னொரு குழு 2013-ல் எழுதியதும் அதே மாதிரி. பனி இவ்வளவு குறைந்தும் அங்கே உள்ளலைகளின் சக்தி கூடியதாகத் தெரியவில்லை.

ஏன்? பனி உருகினால் கிடைப்பது நன்னீர். மூடி போனபோது அதன் தண்ணீர் மேலே தங்கிவிட்டது. அதைவிட முக்கியம், அங்கே பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் அடிக்கும் காற்று, எக்மன் சொன்னபடி வலப்பக்கமாகத் தள்ளித் தள்ளி, சுற்றிலும் உள்ள நன்னீரை நடுவே குவிக்கிறது. இப்படிச் சுழலும் நீர்வட்டத்துக்கு போஃபோர்ட் சுழல் என்று பெயர். அதில் சேர்ந்திருந்த நன்னீர் 2018-ல் 20,000 கன கிலோமீட்டருக்கு மேல். 1970-களைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம். கலக்கும் என்று நாம் எதிர்பார்த்த அதே காற்று, கலக்க விடாத அடுக்கைத் தடிமனாக்கிக்கொண்டிருக்கிறது. இதை முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தேன்.

வங்கக் கடலில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கோடைப் புயல் கடந்த பாதையில் கடல் மேற்பரப்பு இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும், கீழ்நீர் மேலே வந்ததால். ஆற்று வெள்ளம் பரவிய பிறகு, அக்டோபர் நவம்பரில், வடக்கே அதே பலமுள்ள புயல் போனாலும் மேற்பரப்பு பெரிதாகக் குளிர்வதில்லை. அப்படிப்பட்ட ஒரு புயலுக்குப் பின் மூன்றாம் நாள் நாங்கள் அந்தப் பக்கம் போனோம். டெக்கில் கம்பிகள் வளைந்து கிடக்கிற அளவுக்குப் புயல் எங்களையே உலுக்கியிருந்தது. கருவியை இறக்கினால் கீழே அடுக்குகள் கலையாமல் இருந்தன.

மார்ச் 9

இன்று ஒரு கணக்கு. 'வெப்பம் மேலே வருகிறது' என்பதை வாட்டில் சொன்னால்தான் பிடிபடும்.

கனடாப் படுகையில் படிக்கட்டுகள் வழியாக மேலே கசியும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 0.05-லிருந்து 0.3 வாட் வரை. ஒரு கன மீட்டர் பனியை உருக்க ஏறக்குறைய 30 கோடி ஜூல் வேண்டும். 0.1 வாட் என்று வைத்து வருஷம் முழுக்க ஓடவிட்டால் ஒரு சென்டிமீட்டர் பனி உருகும். ஒரு சென்டிமீட்டர்தான். அத்தனை பெரிய வெப்பக் களஞ்சியம் கீழே இருந்தும்.

இப்போது ஆர்க்டிக்கின் மறு பாதி, ஐரோப்பிய, சைபீரியப் பக்கம். லாப்டேவ் கடலுக்கு வடக்கே உள்ள படுகையில் மூரிங்குகள் வருஷக்கணக்கில் நிற்கின்றன. அங்கே குளிர்காலத்தில் கீழிருந்து பனியை நோக்கி வந்த வெப்பம் 2007-08-ல் 3 முதல் 4 வாட். 2016-18-ல் 10 வாட்டுக்கு மேல். பத்து வாட் என்றால் ஒரு குளிர்காலத்தில் ஒரு மீட்டர் பனி.

அந்தப் பக்கம் உப்புப் பட்டை பலவீனமாகிவிட்டது. அட்லாண்டிக் நீர் முன்பைவிட மேலேறி வந்திருக்கிறது, மேல்நீரில் உப்பு கூடியிருக்கிறது. அட்லாண்டிக்கின் குணம் ஆர்க்டிக்குக்குள் பரவுகிறது என்றே அதைப் பற்றி எழுதுகிறார்கள். அங்கே காற்றுக்குப் பிடி கிடைக்கிறது. மேல் ஐம்பது மீட்டரில் நீரோட்டங்களும் வலுத்திருக்கின்றன, பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத் தாளத்தில். ஒரே கடலில் இரண்டு பாதிகள் எதிரெதிர்த் திசையில் போய்க்கொண்டிருக்கின்றன.

மார்ச் 10

நேற்றைய கணக்கில் பிழை. ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. பத்து வாட் வருஷம் முழுக்க ஓடினால்தான் ஒரு மீட்டர். ஆறு மாதக் குளிர்காலத்துக்கு அரை மீட்டர். அந்த அரை மீட்டரையும், பனி உருகுவது என்பதைவிட, உறையவிடாமல் தடுப்பது என்று சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பனி அடியிலிருந்து வளர்கிறது. வளர்ச்சியைத்தான் இந்த வெப்பம் தின்கிறது. விளைவு ஒன்றே: வசந்தத்தில் மெலிந்த பனி, கோடையில் சீக்கிரம் திறக்கும் கடல்.

அதே நபர், பன்னிரண்டு மணி நேரத் தாளம் என்றால் அது கடல் ஏற்றவற்றமாகவும் இருக்கலாமே என்கிறார். மிகச் சரியான கேள்வி. நிலவின் ஏற்றவற்றம் 12.42 மணி நேரம். வடக்கே 75 டிகிரியை ஒட்டி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன, பிரிப்பது கடினம். கண்டச் சரிவின் ஓரங்களில் அளந்தவர்கள், அங்கே வலுவான கலப்புக்கு ஏற்றவற்றமே காரணம், மேலே பனி இருக்கிறதா இல்லையா என்பதால் அது மாறவில்லை என்று 2015-ல் எழுதினார்கள். எல்லாக் கலப்பையும் காற்றின் கணக்கில் எழுதக்கூடாது. நானும் நான்காம் தேதி கொஞ்சம் அப்படித்தான் எழுதிவிட்டேன்.

மார்ச் 14, இரவு

நி-ஓலசுண்ட் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு மூன்று பேர். அங்கே ஊர் என்றால் சில பத்து வீடுகள். ரேடியோ தொலைநோக்கி இருப்பதால் வைஃபை, புளூடூத் எதையும் போட முடியாது. ஊர் எல்லை தாண்டினால் பனிக்கரடிக்காகத் துப்பாக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். 2008-ல் திறந்த இந்திய ஆய்வு நிலையமான ஹிமாத்ரி அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய இண்ட்ஆர்க் மூரிங்கை 2014 ஜூலையில் அங்கேயுள்ள கோங்ஸ்ஃபியோர்டன் நீரில் 192 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். சென்னை வெயிலில் முறுக்கிய திருகாணிகள் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

அந்த ஃபியோர்டே, அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு புகுந்த அந்தக் கடல்நீரே, நம் கேள்விக்கு ஒரு பதில். முன்பெல்லாம் குளிர்காலத்தில் உள்பகுதி உறையும், மனிதர்கள் பனிமேல் வண்டி ஓட்டிப் போவார்கள். 2006 பிப்ரவரி, மார்ச்சில் வடக்குக் காற்று விடாமல் அடித்தது. வடக்குக் காற்றுக்கு வலப்பக்கம் என்றால் மேற்கு, அதாவது கரையை விட்டு வெளியே. மேல்நீர் வெளியே போக, அந்த இடத்தை நிரப்ப அட்லாண்டிக் நீர் அடியிலிருந்து மேலேறி ஃபியோர்டுக்குள் புகுந்தது, நடுக் குளிர்காலத்தில். வாசலில் தடுக்கும் மேடு அங்கே கிடையாது. அதற்குப் பிறகு அந்த ஃபியோர்டு பழையபடி உறையவே இல்லை. சில வருஷம் உள்மூலையில் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவே.

கவனியுங்கள், இங்கே காற்று எதையும் கரண்டி போட்டுக் கலக்கவில்லை. மேல்நீரைத் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். கரை இருக்கும் இடத்தில் அதுவே போதும். ஊரில் நீண்ட காலம் இருந்த ஒரு பெரியவர் படகுத்துறையில் நின்று, எதிர்க்கரை வரை கையை நீட்டிக் காட்டி, பனி எங்கே முடியும் என்று சொன்னார். நான் பார்த்தபோது அங்கே சாம்பல் நிறத் தண்ணீரும் பனியாற்றிலிருந்து உடைந்த துண்டுகளும்தான்.

மார்ச் 15

மீன்பிடித் தொழிலில் இருக்கும் தம்பி ஒருவர், கலந்தால் மீனுக்கு நல்லதுதானே என்கிறார். ஓரளவு. கீழ்நீரில் நைட்ரேட் இருக்கிறது, அது மேலே வந்தால் பாசி வளரும், பாசியை நம்பி மற்றவை. 1998-க்கும் 2018-க்கும் நடுவே ஆர்க்டிக்கில் பாசி உற்பத்தி 57 விழுக்காடு கூடியது. முதல் பத்து வருஷம் பனி விலகி வெளிச்சம் கிடைத்ததால். அதன்பின் பாசியின் அடர்த்தியே கூடியது, சத்து எங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஆனால் நன்னீர் குவிந்த போஃபோர்ட் நடுப்பகுதியில் சத்துள்ள நீர் இன்னும் ஆழத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அங்கே வெளிச்சம் நிறைய, உணவு இல்லை.

மார்ச் 21

தென்துருவம் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே கதை வேறு, சுருக்கமாகச் சொல்கிறேன்.

அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் உள்ள உப்பு வேறுபாடு மிகக் குறைவு. கீழே ஒரு டிகிரியை ஒட்டிய நீர் சில நூறு மீட்டரிலேயே இருக்கிறது. கொஞ்சம் தூண்டினால் கவிழும். 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்கள் வெடெல் கடலில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு உறையாமல் திறந்தே கிடந்தது. 2017-ல் அதே பகுதியில், கடலடியில் உள்ள மாட் மேட்டின் மேல், சிறிய அளவில் மறுபடி திறந்தது. அதற்குக் கடும் புயல்கள் கைகொடுத்தன. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகப் பனி 17.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு இறங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது உறையாமல் திறந்து கிடந்த அந்தப் பரப்புதான். ஆர்க்டிக்கை வைத்துக் கற்ற பாடத்தை அங்கே அப்படியே கொண்டுபோக முடியாது. தராசு அங்கே ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 28, இரவு

முதலில் கேட்டவர் மறுபடி வந்து, "ஆமா, இல்லை என்று ஒரே சொல்லில் சொல்லுங்கள்" என்கிறார். ஒரே சொல்லில் முடியாது, ஆனால் என் மனம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன்.

ஆழத்து அட்லாண்டிக் நீரைக் காற்று கனடாப் பக்கம் மேலே இழுத்துப் போட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. சைபீரியப் பக்கம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. எனக்கு இப்போது கவலை தருவது இருநூறு மீட்டரில் உள்ள சூடு அல்ல, இருபது முப்பது மீட்டரில் உள்ளது. பனியும் வெண்பனியும் வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்பும். திறந்த தண்ணீர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கும். விழுங்கிய சூடு நன்னீர் அடுக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதை எடுக்கப் பெரிய கலப்பு தேவையில்லை, ஒரு சாதாரணப் புயல் போதும். 2012 ஆகஸ்டில் பனியை அடியிலிருந்து தின்றதும் இந்த மேலோட்டச் சூடுதான். அந்தப் புயல் இல்லாவிட்டாலும் அந்த வருஷம் சாதனை முறிந்திருக்கும் என்று பிறகு கணக்கிட்டுச் சொன்னார்கள்; புயல் அதைச் சில நாட்களில் முடித்து வைத்தது.

அதற்கு ஒரு படி கீழே இன்னொரு களஞ்சியமும் சேர்கிறது. சுக்சி கடல் கோடையில் சூடாகிறது. அந்த நீர் போஃபோர்ட் சுழலின் அடியில் போய்ப் பதுங்குகிறது. 1987-க்கும் 2017-க்கும் நடுவே அங்கே சேர்ந்த வெப்பம் ஏறக்குறைய இரு மடங்கு. இப்போதைக்கு நன்னீர் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தச் சுழலை ஓட்டும் காற்று தளர்ந்து, நன்னீர் அட்லாண்டிக் பக்கம் வடிந்துவிட்டால் அங்கேயும் காற்றுக்குப் பிடி கிடைக்கும். எப்போது என்று என்னைக் கேட்காதீர்கள்.

மார்ச் 29

ஒரு சின்ன விஷயம், நேற்றே எழுதியிருக்க வேண்டும். இந்த எண்களில் பலவற்றைத் தந்தவை பனிப்பாளத்தில் துளை போட்டுத் தொங்கவிட்ட கருவிகள். மேலே ஒரு மஞ்சள் மிதவை; அதிலிருந்து கீழே 750 மீட்டர்வரை கம்பி. கம்பியில் ஒரு கருவி தானாக ஏறி இறங்கி, அளந்ததைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும். இருபது வருஷமாக ஓடுகிறது. தொங்கவிடப் பாளம் வேண்டும், பல மாதம் உடையாத தடிமனான பாளம். அப்படி ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பது வருஷத்துக்கு வருஷம் சிரமமாகிறது. தண்ணீரில் மிதந்தும் தாக்குப்பிடிக்கிற மிதவைகளைச் செய்துவிட்டார்கள், சரி. ஆனால் திறந்த கடலில் மிதவை எங்கே போகும் என்பது காற்றின் கையில்.

கேட்டவர் மாணவர் என்றால் ஒன்று சொல்வேன். அந்த மிதவைகளின் பதிவுகள் யாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கின்றன. ஒன்றைத் திறந்து முதலில் உப்புக் கோட்டைப் பாருங்கள்.